சிபாரிசுக்கு நீதிபதி வேண்டாம், உங்கள் டிராஃப்டைப் படித்தவர் போதும்

கேள்வி: திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டு படிப்பு முடித்தேன். நான்கு ஆண்டுகளாக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். நில எடுப்பு வழக்குகள்தான் அதிகம். வயது 28. இங்கிலாந்தில் எல்எல்எம் (சட்ட முதுகலை) படிக்க ஆசை. ஆனால் மதிப்பெண் 58 சதவீதம்தான். சென்னையில் ஒரு கன்சல்டன்சி, எஸ்ஓபி (எதற்காகப் படிக்க வருகிறேன் என்று விளக்கும் அறிக்கை) முதல் பரிந்துரைக் கடிதம் வரை எல்லாவற்றையும் தாங்களே தயார் செய்து தருவதாகச் சொல்லி ஒன்றரை லட்சம் கேட்கிறது. குடும்பத்துக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரிடம் கடிதம் வாங்கலாம் என்கிறார் மாமனார். மூன்று வயது மகன் இருக்கிறான். அவனையும் கணவரையும் உடன் அழைத்துப் போக முடியுமா? நல்ல விண்ணப்பம் என்பது எப்படி இருக்க வேண்டும்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்:

மதிப்பெண், நீதிபதி, கன்சல்டன்சி என்று எதையெதையோ நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். ஆனால் உங்கள் விண்ணப்பத்துக்கு வேண்டிய சரக்கு, போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியில் இருக்கிறது: "நில எடுப்பு வழக்குகள்தான் அதிகம்." அதைப் பற்றி மேலும் ஒரு வார்த்தை நீங்கள் எழுதவில்லை. பல ஆண்டுகளாகச் சட்ட மாணவர்களின் விண்ணப்பங்களைப் படித்துத் திருத்தி வருகிறேன். கிட்டத்தட்ட எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். கையில் இருப்பதை விட்டுவிட்டு, இல்லாததை எப்படி மறைப்பது என்று கேட்கிறார்கள்.

சேர்க்கைக் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் பாடம் நடத்துகிற பேராசிரியர்கள்தான். அடுத்த ஆண்டு தங்கள் வகுப்பில் யார் உட்காரப் போகிறார்கள் என்றுதான் பார்க்கிறார்கள். "சிறு வயதிலிருந்தே நீதியின் மீது எனக்குத் தணியாத தாகம்" என்று எழுதுகிறவரை வைத்துக்கொண்டு ஒரு கருத்தரங்கு நடத்த முடியாது. ஒரு சட்டக் கேள்வி மனதை அரித்துக்கொண்டிருப்பவரை வைத்து நடத்தலாம். அந்தக் கேள்வி உங்களிடம் கட்டாயம் இருக்கும். நான்கு ஆண்டு ரிட் மனு எழுதியவருக்கு இல்லாமல் போகாது.

உங்கள் துறையிலிருந்தே ஒன்றைக் காட்டுகிறேன். 2013-ஆம் ஆண்டின் மத்திய நில எடுப்புச் சட்டம் 2014 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு அதில் 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, மாநில நெடுஞ்சாலைச் சட்டம், தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம், ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டம் ஆகிய மூன்றுக்கும் விலக்கு வாங்கிக்கொண்டது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஏற்பாடு செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் முன்தேதியிட்டு ஒரு சட்டம் இயற்றி மூன்றுக்கும் மறுபடி உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இதெல்லாம் நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. சரி, இதை வெளிநாட்டுப் பேராசிரியரின் கண்ணால் ஒரு தடவை பாருங்கள். நீதிமன்றம் செல்லாது என்று சொன்னதைச் சட்டமன்றம் பின்னோக்கிப் போய்ச் செல்லுபடியாக்கலாமா? எந்த எல்லை வரை? தீர்ப்பில் ஜெயித்த நிலக்காரருக்கு அதற்கப்புறம் என்ன மிச்சம்?

இந்தக் கேள்வி இங்கிலாந்துக்குப் புதிதில்லை. 1942-இல் ஜப்பானியர் கையில் சிக்கக்கூடாது என்று பர்மாவில் இருந்த எண்ணெய் நிலையங்களை பிரிட்டிஷ் படையே அழித்தது. அதற்கு இழப்பீடு தர வேண்டும் என்று பர்மா ஆயில் வழக்கில் 1964-இல், அன்றைக்கு அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. மறு ஆண்டே நாடாளுமன்றம் போர்ச் சேதச் சட்டம் என்று ஒன்றைப் பின்னோக்கிக் கொண்டுவந்து அந்த உரிமையைத் துடைத்துவிட்டது. அங்கே நாடாளுமன்றத்துக்கு மேல் எழுதப்பட்ட அரசமைப்பு கிடையாது, இங்கே உண்டு. அப்படியிருந்தும் சொத்தைப் பறிகொடுத்தவரின் கதி இரண்டு இடத்திலும் ஏன் ஒன்று போலவே முடிகிறது? 1998-இல் மனித உரிமைச் சட்டம் வந்த பிறகு அங்கே ஏதாவது மாறியிருக்கிறதா? பாருங்கள், மேலூர்ப் பக்கத்து நெடுஞ்சாலை வழக்கில் தொடங்கி ஒப்பீட்டு அரசமைப்புச் சட்டம் வரை வந்துவிட்டோம். இதைத்தான் எஸ்ஓபியில் எழுத வேண்டும். உயர் நீதிமன்றத்தில் ஜெயித்த நிலத்தைச் சட்டமன்றத்தில் தோற்ற கட்சிக்காரர் யாராவது உங்கள் கேஸ் கட்டுகளில் இருந்தால், அங்கிருந்தே ஆரம்பியுங்கள். பெயர், ஊர், வழக்கு எண் எதுவும் வேண்டாம். அப்புறம் சட்டச் சிக்கல், நீங்கள் அதில் வாதிட்டது, விடை கிடைக்காமல் நிற்கிற இடம், அந்த விடையைத் தேட இந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடம் உதவும் என்று போங்கள். இந்த உதாரணத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இதைப் படிக்கிற இன்னும் நாலு பேர் அதையே செய்வார்கள். உங்கள் கட்டுகளைப் புரட்டினால் இதைவிட நல்லது கிடைக்கும்.

இப்படி எழுதுவது இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்துவது என்று நினைக்க வேண்டாம். ஹார்வர்டு எல்எல்எம் விண்ணப்பம் இதை நேரடியாகவே கேட்கிறது: உங்கள் துறையில் ஒரு முக்கியமான சட்டப் பிரச்சினையைச் சொல்லி, அதை எப்படி அணுகலாம் என்று முதல் பகுதியில் எழுத வேண்டும், உங்களைப் பற்றியும், எதற்காக வருகிறீர்கள் என்றும் இரண்டாம் பகுதியில் எழுத வேண்டும்.

கேள்வி கிடைத்துவிட்டால் எங்கே விண்ணப்பிப்பது என்பது பாதி முடிவாகிவிடும். உலகத் தரவரிசைப் பட்டியலை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொரு கல்லூரியின் எல்எல்எம் பாடப்பட்டியலையும் திறந்து பாருங்கள். உங்கள் கேள்வியைத் தொடுகிற மூன்று பாடங்களாவது இருக்கின்றனவா? அவற்றை நடத்துகிறவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள்? லண்டனில் சோஆஸ் கல்லூரி ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் சட்டங்களுக்குப் பெயர் போனது. நில உரிமை பற்றி எழுதுகிறவருக்கு அது தரவரிசையில் மேலே இருக்கிற சில இடங்களைவிடப் பொருத்தமாக இருக்கலாம். எஸ்ஓபியில் கல்லூரியின் பெயரை மட்டும் மாற்றி ஆறு இடத்துக்கு அனுப்புகிறவர்களை முதல் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். "உங்கள் புகழ்பெற்ற நிறுவனம்" என்ற சொற்றொடர் வந்தால் பெரும்பாலும் அந்த ரகம்தான்.

இனி பரிந்துரைக் கடிதம். இங்கேதான் நம் ஊர் விண்ணப்பங்கள் அதிகம் அடிவாங்குகின்றன.

ஓய்வுபெற்ற நீதிபதி உங்களை எத்தனை தடவை பார்த்திருக்கிறார்? ஒரு கல்யாண வீட்டிலா, உங்கள் மாமனார் வீட்டிலா? "இவர் நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர், ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி" என்பதற்கு மேல் அவரால் எதுவும் எழுத முடியாது. அதைப் படிக்கிற பேராசிரியருக்கு மதுரையில் அந்தப் பெயருக்கு இருக்கிற கனம் தெரியாது. அவர் தேடுவது வேறு: இந்தப் பெண் ஒரு தீர்ப்பைப் படித்தால் எப்படிப் படிக்கிறார், எழுதியதைத் திருத்தச் சொன்னால் திருத்துகிறாரா, தன்னோடு படித்தவர்களில் எந்த இடத்தில் இருந்தார். இதைச் சொல்லக் கூடியவர் உங்கள் வேலையைப் படித்தவர்தான். மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், நீதிபதியின் ஆசியை வேறு நல்ல காரியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக இரண்டு கடிதங்கள் கேட்கும், குறைந்தது ஒன்றாவது கற்பித்தவரிடமிருந்து வர வேண்டும். படித்து நான்கு ஆண்டாகிவிட்டது, பேராசிரியர்களுக்கு உங்கள் முகம் நினைவிருக்குமா என்பது நியாயமான பயம். நினைவுபடுத்துவது உங்கள் வேலை. நேரில் போங்கள். எந்த ஆண்டு, எந்தப் பாடம், எந்த மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்றப் போட்டி), என்ன கட்டுரை, அதற்கு அவர் என்ன சொன்னார் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். கூடவே எஸ்ஓபி வரைவும் நீங்கள் சமீபத்தில் எழுதிய ஒரு மனுவும் இருக்கட்டும். துறைத் தலைவர் என்பதற்காக ஒருவரைத் தேடிப் போக வேண்டாம். உங்களை இரண்டு செமஸ்டர் உட்காரவைத்து அரசமைப்புச் சட்டம் சொல்லிக்கொடுத்த உதவிப் பேராசிரியர் அவரைவிட மேல்.

இரண்டாவது கடிதம் உங்கள் சீனியருடையது. அவரிடம் போனால் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். "நீயே எழுதிக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்." பாசத்தில் சொல்வதுதான். ஆனால் நீங்களே இரண்டு கடிதமும் எழுதினால் இரண்டிலும் ஒரே குரல் வரும், அதே குரல் எஸ்ஓபியிலும் இருக்கும். படிக்கிறவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். நேர்மையும் இல்லை. அவர் பேசட்டும், அதுதான் நல்ல வழி. மாலையில் ஆபீஸில் கட்சிக்காரர்கள் போன பிறகு கால் மணி நேரம் கேளுங்கள். எந்த வழக்கில் உங்களை நம்பி வாதத்தை ஒப்படைத்தார், எதில் உங்கள் டிராஃப்டைக் கிழித்துத் திருப்பிக் கொடுத்தார் என்று அவர் வாயால் வரட்டும். தமிழில் சொன்னாலும் சரி, அவரே தன் ஸ்டெனோவிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிடலாம். குறையும் கொஞ்சம் இருக்கிற கடிதத்தைத்தான் நம்புவார்கள்.

சின்ன நடைமுறைச் சிக்கல் ஒன்று. கடிதம் உங்கள் கை வழியாகப் போகாது. பல்கலைக்கழகம் பரிந்துரைப்பவருக்கே மின்னஞ்சல் அனுப்பும், அவர் அதில் ஏற்ற வேண்டும். பல இடங்களில் கல்லூரியின் அல்லது அலுவலகத்தின் மின்னஞ்சல் முகவரியை எதிர்பார்ப்பார்கள். அரசுக் கல்லூரி ஆசிரியர்களில் பலரும் ஜிமெயில்தான் வைத்திருக்கிறார்கள், சீனியர்கள் கேட்கவே வேண்டாம். அப்படியானால் கல்லூரி முத்திரையோடு லெட்டர்ஹெட்டில் கடிதம் இருக்கட்டும். முன்கூட்டியே சேர்க்கைப் பிரிவுக்கு எழுதிக் கேட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் ராத்திரி பேராசிரியரின் ஸ்பாம் பெட்டியில் கிடந்த மின்னஞ்சலால் போன விண்ணப்பங்கள் உண்டு.

மதிப்பெண் விஷயத்தில் பூசி மெழுக மாட்டேன். 58 சதவீதம் உண்மையான தடைதான். ஆக்ஸ்ஃபோர்டின் பிசிஎல்லும் (பெயரில் பேச்சிலர் இருந்தாலும் அது முதுகலைப் படிப்பு), கேம்பிரிட்ஜ் எல்எல்எம்மும் முதல் வகுப்பை எதிர்பார்க்கின்றன. அவற்றில் பணத்தையும் நம்பிக்கையையும் கொட்ட வேண்டாம். மற்ற இடங்கள் இந்தியப் பட்டத்துக்கு எத்தனை சதவீதம் கேட்கின்றன என்பது ஒவ்வொன்றின் தளத்திலும் நாடு வாரியாக இருக்கும். ஓரிரு சதவீதம் குறைவாக இருந்தால், கட்டணம் கட்டுவதற்கு முன் சேர்க்கைப் பிரிவுக்கு நாலு வரி மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், தொழில் அனுபவத்தைக் கணக்கில் எடுப்பீர்களா என்று. சில இடங்கள் எடுக்கும். நம் சட்டப் பல்கலைக்கழகத்தில் மதிப்பெண் எவ்வளவு கஞ்சத்தனமாகப் போடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அதை எஸ்ஓபியில் நீங்கள் சொன்னால் புலம்பலாகத் தெரியும். உங்கள் பேராசிரியர் தன் கடிதத்தில் "இவர் வகுப்பில் 80 பேரில் முதல் பத்துக்குள் இருந்தார்" என்று எழுதினால், அது உண்மையாகவும் இருந்தால், அதே விஷயம் தகவலாகிவிடும். தரவரிசைச் சான்று கிடைத்தால் இன்னும் நல்லது. டிரான்ஸ்கிரிப்டுக்கு (மொத்த மதிப்பெண் விவரச் சான்று) அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் இப்போதே எழுதிப்போடுங்கள். கையில் வர நாளாகும்.

மதிப்பெண்ணின் குறையைச் சரிக்கட்ட எழுத்தால் முடியும். உங்கள் கேள்வியை வைத்து இரண்டாயிரம் சொல்லில் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதுங்கள். ஏதாவது ஒரு சட்ட இதழில் வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் எழுத்து மாதிரி கேட்கிற இடத்துக்குக் கையில் இருக்கும். ஒரு எச்சரிக்கை: வழக்கறிஞர் ஆங்கிலம் வேறு, கட்டுரை ஆங்கிலம் வேறு. "மிகவும் பணிவுடன் சமர்ப்பிக்கப்படுகிறது" என்று அஃபிடவிட்டில் எழுதிப் பழகிய கை, ஒரு வாக்கியத்தைப் பத்து வரிக்கு இழுக்கும். நான்கு ஆண்டு ரிட் மனு எழுதியவர்களே ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் எழுத்துப் பகுதியில் சறுக்குவது இதனால்தான். சட்டப் படிப்புகளுக்குப் பொதுவாக 7-க்குக் குறையாமல் கேட்பார்கள், ஆக்ஸ்ஃபோர்டு 7.5 கேட்கிறது. தேர்வு முடிவு இரண்டு ஆண்டுதான் செல்லும் என்பதால் ரொம்ப முன்னால் எழுதிவிடவும் வேண்டாம்.

சிவி பற்றி ஒரே ஒரு விஷயம். "எண்ணூறு வழக்குகளில் ஆஜரானேன்" என்று எழுதாதீர்கள். வாய்தா வாங்கியதும் அதில் சேர்த்திதான் என்று அவர்களுக்குத் தெரியாவிட்டாலும், அந்த எண்ணால் அவர்களுக்கு எதுவும் புரியாது. நீங்களே டிராஃப்ட் செய்த மூன்று மனு, நீங்களே வாதிட்டு வாங்கிய ஒரு இடைக்காலத் தடை, சட்ட உதவி மையத்தில் பார்த்த வேலை, இதைத் தெளிவாக எழுதினால் போதும். நிலம் இழந்தவர்களுக்காகத் தமிழில் ஏதாவது கையேடு எழுதியிருந்தால் அதையும் சேருங்கள்.

பணம். லண்டனின் பெயர் பெற்ற கல்லூரிகளில் எல்எல்எம் கட்டணம் மட்டுமே பெரும்பாலும் 30,000 பவுண்டைத் தாண்டும். அதாவது முப்பது லட்சம் ரூபாய்க்கு மேல். தங்கும் செலவு தனி. விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணமும் சேரும். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பதற்கு முன் உதவித்தொகைகளைப் பாருங்கள். உங்களுக்கு நேராகப் பொருந்துவது பிரிட்டிஷ் அரசு தருகிற செவனிங். இரண்டு ஆண்டு, அதாவது 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கிறார்கள், ஜூனியராக நான்கு ஆண்டு அதைத் தாராளமாகத் தாண்டும். ஊதியச் சீட்டு இருக்காது, சீனியரின் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று படிப்புகளைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்கலாம். படித்து முடித்தபின் இரண்டு ஆண்டு நாட்டுக்குத் திரும்பி இருக்க வேண்டும். மதுரையிலேயே தொடர்ந்து வழக்கு நடத்தப் போகிறவருக்கு அது நிபந்தனையே இல்லை, பலம். வழக்கமாக ஆகஸ்டில் திறந்து அக்டோபர் தொடக்கத்தில் மூடிவிடுவார்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு முன்னாலேயே வந்துவிடுகிற தேதி என்பதால் நம்மவர்கள் பலர் தவறவிடுவது இதைத்தான். ஆக்ஸ்ஃபோர்டு, சோஆஸ், ரெடிங்கில் இந்தியர்களுக்குத் தருகிற ஃபெலிக்ஸ் உதவித்தொகைக்கு முதல் வகுப்பு வேண்டும், அதனால் உங்களுக்கு அது சரிவராது. இன்லாக்ஸ் அறக்கட்டளைக்கு வயது வரம்போடு மதிப்பெண் வரம்பும் உண்டு, 58 சதவீதம் அதற்கும் போதாது. ஆதிதிராவிடர், பழங்குடியின வாசகர்கள் மத்திய சமூக நீதி அமைச்சகம், பழங்குடியினர் நல அமைச்சகம், தமிழக அரசு ஆகியவை தரும் வெளிநாட்டுப் படிப்பு உதவிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

மகன் விஷயம் கடினமானது. 2024 ஜனவரியிலிருந்து பிரிட்டனில் எல்எல்எம் போன்ற வகுப்பறை முதுகலைப் படிப்புக்குப் போகிறவர்கள் கணவரையோ குழந்தையையோ சார்ந்தவர் விசாவில் அழைத்துப்போக முடியாது. ஆராய்ச்சிப் படிப்புகளுக்கும், அரசு உதவித்தொகையில் போகிறவர்களுக்கும் விலக்கு உண்டு. செவனிங் கிடைத்தால் இந்தக் கதவும் திறக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் குடும்பச் செலவை உதவித்தொகை ஏற்காது. அமெரிக்காவில் குடும்பத்தை அழைத்துப்போகலாம், ஆனால் வழக்கமான எஃப்-1 மாணவர் விசாவில் போனால் கணவர் அங்கே வேலை பார்க்க முடியாது. ஒரு வருடம் பிரிந்திருப்பதா என்பதை நீங்களும் உங்கள் கணவரும்தான் பேசி முடிவெடுக்க வேண்டும். விண்ணப்பம் போடுவதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள், அனுமதி வந்த பிறகு வேண்டாம்.

எதற்காகப் படிக்கிறீர்கள் என்பதை உங்கள் கடிதத்தில் எழுதவில்லை. எஸ்ஓபியில் அதை எழுதாமல் விட முடியாது. எல்எல்எம் முடித்தால் இங்கிலாந்தில் சொலிசிட்டர் (அங்குள்ள ஒருவகை வழக்கறிஞர்) ஆகிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2021 முதல் அதற்கு எஸ்க்யூஈ என்ற தனித் தேர்வு, அதை எழுத எல்எல்எம்மே தேவையில்லை. திரும்பி வந்து சட்டக் கல்லூரியில் பாடம் நடத்த நினைத்தால், இந்திய பார் கவுன்சிலின் 2020-ஆம் ஆண்டு விதிகள் ஓராண்டு வெளிநாட்டு எல்எல்எம்மை இங்குள்ள எல்எல்எம்முக்கு நேரடியாகச் சமமாக ஏற்கவில்லை, அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். சேருவதற்கு முன் அன்றைய நிலையை விசாரித்துக்கொள்ளுங்கள். மதுரையில் கட்சிக்காரர் பெருகுவார்களா என்றால், பெயர்ப்பலகையில் லண்டன் என்று இருப்பதைப் பார்த்து வருகிறவர்கள் குறைவு. நில எடுப்பு வழக்கில் ஒரு புதிய வாதத்தை நீதிபதி முன் வைக்க உங்களால் முடியும், அதுதான் லாபம். அது போதும் என்று தோன்றினால் போங்கள்.

கடைசியாக, கன்சல்டன்சி. ஒன்றரை லட்சத்தைக் கொடுக்காதீர்கள். படிவம் நிரப்புவதும் விசாவும் நான்கு ஆண்டு நீதிமன்றப் பதிவகத்தோடு மல்லுக்கட்டிய வழக்கறிஞருக்கு ஒரு வேலையே இல்லை. எஸ்ஓபியை அவர்கள் எழுதினால் நில எடுப்பைப் பற்றி ஒரு வரி கூட இருக்காது, அம்பேத்கர் மேற்கோள் ஒன்று இருக்கும். பரிந்துரைக் கடிதத்தையும் தாங்களே தயாரிப்பதாகச் சொல்வது வெறும் சேவைக் குறைபாடு என்று விடக்கூடியதில்லை. அடுத்தவர் பெயரில் போலி ஆவணம் அது, கண்டுபிடித்தால் அனுமதியும் விசாவும் போவதோடு உங்கள் பார் கவுன்சில் பதிவுக்கும் சிக்கல் வரும். அந்தப் பணத்தில் ஐஈஎல்டிஎஸ் கட்டணமும், நாலு பல்கலைக்கழகத்தின் விண்ணப்பக் கட்டணமும், திருநெல்வேலிக்குப் போய்வரும் பஸ் செலவும் போக நிறையவே மிஞ்சும்.